சின்னவன் கோட்டு

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். நான். என் மனைவி. கண் தெரியாத என் தாயார். கொட்டகை வேலைக்குப் புதிதாக வந்திருந்த ஓர் ஆள். அவனைப் ‘புதுசு’ என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். ஐந்தாவதாக எவரும் இல்லை. ஊரில் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வதால் இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

நான் எழுதப்போவது நடந்தது. கதை கட்டுவது எங்கள் வீட்டு வழக்கம் அல்ல. நான் குடிப்பதில்லை. இந்த வயதிலும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோத்து, ஆட்டுக்குக் காயம் பட்டால் நானே தைக்கிறேன். எனவே கண் மங்கல், புத்திப் பிசகு என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். பயப்படுவதற்கென்றே படிக்கிறவர்கள் தாராளமாகப் பயப்படலாம். நடந்ததைக் கூட்டவும் குறைக்கவும் மட்டும் நான் விடமாட்டேன்.

நடுநிசியில் நடந்தது என்கிறார்கள். தவறு. இரவு எட்டு மணி. கூடத்துக் கடிகாரம் அடித்து ஓய்ந்ததை நால்வருமே கேட்டோம்.

எங்களுடையது பெரிய பண்ணை அல்ல. மேட்டில் வீடு. பின்வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் செம்மறிக் கொட்டகை. மூன்று பக்கம் கல் சுவர், முன்பக்கம் பலகைக் கதவு, மேலே தகரம். குட்டிகளைப் பால் மறக்கடித்து, மேய்ச்சலில் தேற்றி, முதுகெலும்பு விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்குச் சதை வைத்த பிறகுதான் சந்தைக்கு ஓட்டுவோம். மற்றவர்களின் குட்டிகளை வியாபாரிகள் வாயைப் பிளந்து பார்த்து, முதுகைத் தடவி, குளம்பைச் சுரண்டித்தான் விலை பேசுவார்கள். எங்கள் குட்டியை வாய் திறந்து பார்த்தவன் கிடையாது. “பெரியவர் வீட்டுதா? ஏத்து வண்டியில” என்பார்கள். என் தகப்பனார் சேர்த்துவைத்த சொத்து அந்த ஒரு சொல்தான்.

அதைக் கெடுத்தவன் என் தம்பி. அம்மா அவனைச் சின்னவன் என்பாள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆடுகள் ஈனும் காலத்தில் கொட்டகையிலேயே படுப்பான். யாரையும் மடியில் கை வைக்கவிடாத ஆடுகள்கூட அவனிடம் காலை அகட்டி நிற்கும். அம்மாவும் அப்படித்தான். கண் போன நாளிலிருந்து அவன் ஊட்டினால்தான் சாப்பிடுவாள். ஒரு தகரக் குவளையில் பாலும், அதில் ஊறவைத்த ரொட்டியுமாக வந்து, கட்டிலில் உட்கார்ந்து, எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்து ஊட்டுவான். ஆண்பிள்ளைக்கு எதற்கு இது என்று நான் கேட்டதுண்டு. சிரித்துவிட்டுப் போவான்.

அந்த ஆண்டின் கடைசிச் சந்தை. பனி விழத் தொடங்கிவிட்டது. குட்டிகளை வாங்க வந்தவனுக்குச் சந்தையில் ‘தராசு’ என்று பெயர். குட்டியை இரண்டு கையால் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவான், கிலோ பிசகாது.

“முப்பத்தெட்டு,” என்றான் தராசு, முதல் குட்டியைத் தூக்கி. “பெரியவரு குட்டின்னா கைக்கே தெரியுது. எல்லாத்தையும் ஏத்துங்கப்பா.”

சின்னவன் குறுக்கே வந்தான். தராசின் கையில் இருந்த குட்டியின் உதட்டைக் கட்டைவிரலால் மடக்கிக் காட்டினான்.

“அண்ணே, வாய்ப்புண் வந்திருக்கு. பாதிக் குட்டிக்கு மேல இருக்கு. இவரு பட்டியில கொண்டுபோய் விட்டா அங்க இருக்கிறதுக்கெல்லாம் ஒட்டிக்கும். இப்ப விக்க வேணாம்ணே.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தராசு குட்டியை மெதுவாகக் கீழே இறக்கினான்.

“என்ன பெரியவரே,” என்றான். “வாயத் தொறந்து பாக்க வேணாம், நம்பி வாங்குன்னாங்க. இனிமே உங்க வீட்ல எல்லா வாயையும் தொறந்து பாக்கணும் போலிருக்கே. உங்களுதையும் சேத்து.”

சந்தை முழுக்கச் சிரித்தது. தேநீர்க் கடைக்காரன்கூடச் சிரித்தான். அவை தானாக ஆறிவிடும் கொப்புளங்கள். அதற்குமேல் ஒன்றுமில்லை. ஒரு குட்டிகூட விற்காமல் அத்தனையையும் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தேன். வழி முழுக்க அவன் எனக்குப் பின்னாலேயே நடந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் சொன்னேன்.

“இனி நீ இந்த வீட்டுப் பிள்ளை இல்ல. அப்பா கோட்டு இந்த வீட்டுப் பிள்ளைக்கு. கழட்டு.”

எங்கள் ஆட்டுக் கம்பளியில் நெய்து, அப்பா தைத்துப் போட்டிருந்த கோட்டு அது. கறுப்பு நிறம். கொம்புப் பொத்தான்கள். கொட்டகையில் படுக்கிறவனுக்குத்தானே வேண்டும் என்று அம்மா அதை அவனிடம் கொடுத்திருந்தாள்.

“வெளிய பனி கொட்டுதுண்ணே.”

“கொட்டட்டும்.”

“அம்மா இன்னும் சாப்பிடல.”

“உன் கை மட்டும்தான் கையா?”

 பொத்தான்களைக் கழற்றினான். எல்லோரும் மேலிருந்து கழற்றுவார்கள். அவன் சிறுவயது முதலே கீழிருந்து மேலாகத்தான் கழற்றுவான். அந்தப் பழக்கம் எனக்கு அன்றும் எரிச்சலாகவே இருந்தது. கோட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டுச் சட்டையோடு வெளியே போனான். நான் பின்வாசலைத் தாழிட்டேன். ஆடுகளை அடைத்தபோதே கொட்டகையைப் பூட்டிச் சாவியையும் எடுத்து வந்திருந்தேன். வீட்டுப் பிள்ளை அல்லாதவனுக்கு வீட்டு ஆடுகளுக்கு நடுவே என்ன வேலை?

காலையில் அவன் கொட்டகைக் கதவுக்கு வெளியே பலகையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். விறைத்துப் போயிருந்தான். பூட்டைத் திறந்து உள்ளே பார்த்தால், அத்தனை ஆடுகளும் அதே பலகையின் மறுபக்கத்தில் ஒன்றோடொன்று நெருக்கியடித்து ஒட்டிக்கொண்டு நின்றன.

இதில் நான் வருந்த ஒன்றுமில்லை. வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். அவன் தட்டவில்லை. அந்தப் பிடிவாதம் மட்டும் எங்கள் ரத்தம்.

அடக்கம் செய்தோம். அம்மாவிடம் அவன் தூரத்து மேய்ச்சலுக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். அவள் அன்று முதல் வாயை மூடிக்கொண்டாள். என் மனைவி ஊட்டப் போனால் உதட்டை இறுக்குவாள். நான் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள். முதல் வாரம் தண்ணீரும் ஒன்றிரண்டு வாயும் இறங்கின. பிறகு அதுவும் நின்றது. “சின்னவன் வரட்டும்.” இது ஒன்றுதான் பேச்சு.

அப்போதுதான் அக்காள் வீட்டுக்காரர் சொல்லியனுப்பினார், மறுநாள் காலை அம்மாவைப் பார்க்க வருவதாக. எங்கள் வீட்டில் ஒரு குறை கிடைக்காதா என்று முப்பது வருடமாகக் காத்திருக்கிற மனிதர். பெற்றவளைப் பட்டினி போட்டுச் சாகடிக்கிறார்கள் என்ற பேச்சு அவர் வாயிலிருந்து கிளம்பினால், தராசு சிரித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. விடிவதற்குள் அம்மா சாப்பிட்டாக வேண்டும். எனக்கு வேறு யோசனையே இல்லை.

அன்று மாலை கொட்டகையில் ஒரு வேலை இருந்தது. கிழிகாது என்று ஓர் ஆடு. முள்வேலியில் காது கிழிந்தது. அது செத்த குட்டியை ஈன்றிருந்தது. பக்கத்தில் இன்னோர் ஆடு குட்டியைப் போட்டுவிட்டுத் தானே செத்துவிட்டது. தாயில்லாத குட்டியைக் கிழிகாதிடம் விட்டால் முட்டிக் கொன்றுவிடும். ஆடு வளர்ப்பவர்களுக்கு இதற்கு ஒரு வழி உண்டு. செத்த குட்டியின் கழுத்திலும் கால் மூட்டுகளிலும் சுற்றிக் கீறி, சட்டையைக் கழற்றுவதுபோல் தோலை முழுசாக உரிக்க வேண்டும். வாலை விட்டுவிடக் கூடாது. தாயாடு முதலில் முகர்வது வாலைத்தான். அந்தத் தோலை ஈரத்தோடு உயிருள்ள குட்டிக்கு மாட்டி, கால்களை ஓட்டைகளில் நுழைத்து, வயிற்றின் கீழ் நூலால் முடிச்சுப் போட வேண்டும்.

புதுசு அதை நன்றாகவே செய்தான். வாய் ஓயாத ஆள்.

“ஆட்ட ஏமாத்துறது சுலபம்ங்க ஐயா. மூக்குல ஒரு பொய் சொன்னாப் போதும்.”

லாந்தர் பிடித்திருந்த என் மனைவி சொன்னாள்: “மனுஷனுக்குக் காதுல சொல்லணும். அவ்வளவுதான்.”

கிழிகாது குட்டியின் வாலை முகர்ந்தது. மறுபடி முகர்ந்தது. பிறகு அடித்தொண்டையில் முனகியது... ம்ம்ம்... ம்ம்ம்... தான் ஈன்ற குட்டியிடம் மட்டுமே ஆடு அப்படி முனகும். காலை அகட்டிப் பால் கொடுத்தது.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. புதுசு என் தம்பியின் உயரம்.

ஏழரை மணிக்கு அவனை வீட்டுக்குள் கூப்பிட்டேன். கொக்கியில் இருந்து கோட்டை எடுத்து நீட்டினேன்.

“யாருதுங்க இது?”

“போடு.”

“செத்துப் போனவருதுன்னு...”

“இன்னையிலிருந்து உன்னுது.”

அவன் கோட்டையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். புரிந்துவிட்டது.

“சாயங்காலம் குட்டிக்கு, ராத்திரி எனக்குங்களா?” என்று சிரித்தான். “நல்லவேளை, இதுக்குப் பொத்தான் இருக்கு. எனக்கும் வயித்துல முடிச்சுப் போட்டுடுவீங்களோன்னு பாத்தேன்.”

போட்டுக்கொண்டான். தோளும் கையும் அவனுக்கென்றே அளவெடுத்ததுபோல் இருந்தன. என் மனைவி ஓர் அடி பின்னால் போனாள்.

“வாயத் தொறக்காத,” என்றேன். “உக்காரு. ஊட்டு. எழுந்து வா.”

அம்மாவின் அறை நடைபாதையின் கடைசியில் இருக்கிறது. இரும்புக் கட்டில். கொட்டகையைப் பார்த்த ஒரு ஜன்னல். நான் வாசற்படியில் நின்றேன். புதுசு கிண்ணத்தோடு போய்க் கட்டிலில் உட்கார்ந்தான்.

அம்மாவின் மூக்கு அசைந்தது.

கை வந்தது. கோட்டின் விளிம்பைத் தடவியது. பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே மேலே போனது.

“சின்னவனே...”

வாய் திறந்தது.

ஒரு வாய் வாங்கினாள். இன்னொரு வாய். நான் மூச்சு விட்டேன். விடியட்டும், வரட்டும் அந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது வாய்க்குக் கை போனபோது, அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“கை ஏன் சூடா இருக்கு?”

புதுசு என்னைப் பார்த்தான். பேசாதே என்று தலையசைத்தேன்.

“அவன் கை சில்லுன்னுல்ல இருக்கும்,” என்றாள் அம்மா. “நேத்துகூட அப்படித்தான் இருந்துச்சு.”

“நேத்தா?” என் மனைவி பின்னாலிருந்து கேட்டுவிட்டாள்.

“தெனமும் வரானே. அந்த ஜன்னல்ல நிப்பான். கைய மட்டும் உள்ள நீட்டுவான். உள்ள வாடா, அம்மாவுக்கு ஊட்டுடான்னா... கோட்டு இல்லாம எப்படிம்மா உள்ள வர்றதுங்கறான்.”

வாயில் இருந்த ரொட்டியைத் துப்பினாள். முகத்தைத் திருப்பினாள். நான் நின்ற இடத்தை நேராகப் பார்த்தாள். கண் தெரியாதவள்.

“பெரியவனே. அவன் கோட்ட யாருக்குடா குடுத்த?”

கூடத்துக் கடிகாரம் எட்டு அடித்தது.

அது ஓய்ந்ததும் கொட்டகையில் இருந்து சத்தம். கத்தல் இல்லை. முனகல்... ம்ம்ம்... ம்ம்ம்... அவ்வளவு தூரத்துக்கு அந்த முனகல் கேட்காது. கேட்டது.

புதுசை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு லாந்தரை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனேன். மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். வெளியே தரை முழுக்கப் புதுப் பனி. என் கால்தடத்தைத் தவிர ஒரு தடமும் இல்லை. கொட்டகைப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சாவி என் இடுப்பில். திறந்தேன்.

ஆடுகள் அத்தனையும் உள்ளே, கடைசிச் சுவரோடு ஒட்டி நின்றன. கிழிகாது மட்டும் நடுவில். பின்காலை அகட்டி, அசைபோட்டுக்கொண்டு, சாவதானமாக நின்றது.

சர்ர்... சர்ர்... சர்ர்...

தகரத்தில் பால் விழும் சத்தம்.

லாந்தரைத் தாழ்த்திப் பிடித்தேன். ஆட்டின் கீழே எதுவும் இல்லை. குவளை இல்லை. கை இல்லை. ஆனால் மடி... என் கண் முன்னால் வற்றிக்கொண்டே வந்தது.

சர்ர்... சர்ர்...

நின்றது.

கிழிகாது தலையைத் திருப்பி, உட்கார்ந்திருக்கும் ஆளின் தோள் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், காற்றை நக்கியது.

மூலையில் குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் தோல் இல்லை. மாட்டிய தோல் வைக்கோல்மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. நூல் அறுபடவில்லை. முடிச்சு அவிழ்க்கப்பட்டிருந்தது.

சுவரைப் பார்த்தேன். ஆணியில் எப்போதும் தொங்கும் தகரக் குவளையைக் காணோம்.

நான் ஓடவில்லை. நடந்துதான் வந்தேன். பின்வாசல் திறந்திருந்தது. சாத்திவிட்டுப் போன கதவு.

சமையலறையில் இருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்து அவள் முகம் வெளுத்தது.

“என்னங்க... நீங்க இப்பதானே உள்ள போனீங்க?”

“யாரு?”

“பால் குவளையோட... இப்பதானே...”

நடைபாதைக்குத் திரும்பினேன்.

புதுசு அம்மாவின் அறைக்கு வெளியே, சுவரில் முதுகை ஒட்டி நின்றிருந்தான். கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. கோட்டில் இருந்து தண்ணீர் சொட்டியது. வெளியே போகாத கோட்டு.

“ஐயா...” என்றான். “நான் இல்லீங்க...”

பொத்தானைப் பார்த்தேன்.

கழன்றது. தானாக.

கீழ்ப் பொத்தான் முதலில்.

அடுத்தது.

அதற்கு மேலே இருப்பது.

அவன் கை அசையவே இல்லை...

கடைசியாகக் கழுத்துப் பொத்தான்.

கோட்டு அவன் தோளில் இருந்து நழுவியது. கை கையாகக் கழன்றது.

கீழே விழவில்லை.

நின்றது.

பிறகு, தோள் உயரத்தில், அம்மாவின் அறைக்குள் போனது.

கதவு மூடியது. மெதுவாக. தூங்குகிறவர்களை எழுப்பாமல் சாத்துவதுபோல...

உள்ளே அம்மாவின் குரல்.

“வந்துட்டியா... குளிருதாடா?”

இரும்புக் கட்டில் கிறீச்சிட்டது.

“கை இப்பதான் சரியா இருக்கு.”

பிறகு உறிஞ்சும் சத்தம். ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு.

“மெதுவா... மெதுவாக் குடு...”

அவள் சிரித்தாள். எதையோ கேட்டுச் சிரித்தாள். எனக்கு அந்த இன்னொரு பேச்சு கேட்கவில்லை.

நான் கதவுக்கு வெளியே நின்றேன். என் வீட்டுக் கதவு. என் தாயின் அறை. கையை ஓங்கினேன்.

தட்டவில்லை.

விடியும்வரை அங்கேயே நின்றேன். ஒரு கட்டத்தில் உறிஞ்சும் சத்தம் நின்றிருக்க வேண்டும். எப்போது என்று என்னால் சொல்ல முடியாது. புதுசு எப்போது என் பக்கத்தில் இருந்து போனான் என்பதும் தெரியாது. வெளிச்சம் வந்தபோது பின்வாசலில் என் மனைவி அலறினாள். அவன் கொட்டகைக் கதவுக்கு வெளியே, பலகையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். அதே இடம். அதே நிலை. உயிர் இருந்தது. விரல்கள் கறுத்திருந்தன. அன்று என் தம்பிக்காகப் பலகையில் வந்து ஒட்டி நின்ற ஆடுகள், இவனுக்காக வரவில்லை. எல்லாம் எதிர்ச்சுவரில் நின்றன. வாய் ஓயாத அந்த ஆள் அதன் பிறகு ஒரு சொல்கூடப் பேசவில்லை. இரண்டு கைகளிலுமாக ஆறு விரல்களை எடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஆடு மேய்க்கப் பேச்சும் வேண்டாம், ஆறு விரலும் வேண்டாம். அவன்தான் திரும்பி வரவில்லை.

அம்மாவின் அறைக் கதவு அப்போது திறந்திருந்தது. அவள் மல்லாந்து படுத்திருந்தாள். கழுத்துவரை அந்தக் கோட்டு போர்த்தியிருந்தது. பொத்தான்கள் அத்தனையும் போட்டிருந்தன. கோட்டு காய்ந்திருந்தது. தலைமாட்டில் தகரக் குவளை, கழுவி வைத்ததுபோல் சுத்தமாக. தொட்டுப் பார்த்தேன். அம்மா இல்லை.

அக்காள் வீட்டுக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றார். கோட்டை விலக்கினார். கையைத் தூக்கிப் பார்த்தார். தராசு குட்டியைத் தூக்கிப் பார்ப்பதைப்போல.

“எலும்புதான் மிச்சம்,” என்றார். “பட்டினி போட்டே கொன்னுட்டீங்களேய்யா. இதுதான் உங்க பெரிய வீடா?”

வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். மருத்துவரை அழைத்துவரச் சொன்னேன். எல்லோருக்கும் முன்னால் பார்க்கட்டும் என்றேன். அவர் வந்து நாடி பார்த்தார், கண்ணைப் பார்த்தார். பிறகு தாடையைப் பிடித்து அம்மாவின் வாயைத் திறந்தார்.

பால் வழிந்தது.

மஞ்சளாக, கெட்டியாக, கன்னத்தில் இறங்கித் தலையணைக்குப் போனது. சீம்பால். அன்றைக்கு எங்கள் கொட்டகையில் சீம்பால் இருந்தது ஒரே மடியில். அந்த மடியில் கை வைக்க முடிந்தவன் ஒரே ஆள்.

மருத்துவர் விரலில் தொட்டு முகர்ந்தார். அம்மாவின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். “வயிறு நிறைஞ்சிருக்கு,” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு என்னைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

“உடம்பு விறைச்சுப் பல மணி நேரம் ஆகுது. நேத்து ராத்திரியே போயிருக்காங்க.”

“சரி.”

“வாயில இருக்கிற பால் இன்னும் சூடா இருக்கு.”

அதை அவரோடு வைத்துக்கொள்ளும்படி சொன்னேன். வைத்துக்கொண்டார். நான்தான் இப்போது எழுதுகிறேன். நடந்ததைக் குறைக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன் அல்லவா.

அந்தக் கோட்டோடுதான் அம்மாவை அடக்கம் செய்தோம். கழற்றலாமா என்று யாரும் கேட்கவில்லை. கிழிகாது பிறகு எந்தக் குட்டிக்கும் பால் கொடுக்கவில்லை. தாயில்லாத அந்தக் குட்டி மறுநாளே செத்தது. சந்தையில் இப்போது எங்கள் குட்டிகளையும் வாய் திறந்து பார்த்துத்தான் வாங்குகிறார்கள். பார்க்கட்டும்.

ஆனால் அக்காள் வீட்டுக்காரர் இன்னமும் போகிற இடமெல்லாம் ஒன்று சொல்லிக்கொண்டு திரிகிறார். பெரியவர் வீட்டில் பெற்ற தாய் பட்டினியால் செத்தாள், கடைசி வாய் ஊட்டக்கூட ஒரு பிள்ளை இல்லை என்று.

அது பொய். அம்மா வயிறு நிறையக் குடித்துவிட்டுத்தான் செத்தாள். ஊட்டியது எங்கள் வீட்டுப் பிள்ளை.